நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற வண்டி

சென்னியப்பன் அவரு வண்டிச் சாவியைத் திருப்பினா, மூணு வீதி தள்ளி இருக்கற கலாமணி வீட்டு கிரைண்டர் சுத்துச்சுங்க. அவ்வளவுதான் சேதி. வெளியூர்க்காரங்ககிட்ட இதைச் சொன்னா "அதெப்படிம்மா?"ன்னு ஆரம்பிச்சுக்கறாங்க. எங்க நல்லூத்துப்பாளையத்துல எப்படீன்னு ஒருத்தரும் கேக்கலை, எதுக்குன்னுதான் கேட்டாங்க, அந்தக் கேள்வியிலதான் ஒரு பொம்பளை பொழப்பு சந்தி சிரிச்சுது, அதுல என்ற பங்கும் இருக்குது, அதனால குறுக்க பேசாம கேளுங்க.

என்ற பேரு ஜெசிந்தா. பைபாஸ் ரோட்டுல வண்டிகளுக்குக் கரண்டு வேலை பாக்கற கடை என்றது. மோட்டார் கம்பெனியில காயில் சுத்தற வேலைக்குப் போயி, அங்கிருந்து டைனமோ, அங்கிருந்து செல்ஃப் மோட்டார்னு கத்துக்கிட்டு, இருபது வருசமா தனியா கடை போட்டிருக்கறன். சந்தேகப்படறதுதான் எங்க தொழிலு. ஒரு வண்டி செல்ஃப் எடுக்கலீன்னு வந்து நின்னா, மொதல்ல பேட்டரி மேல சந்தேகம், அப்புறம் அதும்மேல கடிச்சிருக்கற டெர்மினல், அப்புறம் எர்த் ஒயரு, அப்புறம் பீஸு, சாவி சுவிட்சு, கடைசியாத்தான் செல்ஃப் மோட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் டெஸ்ட் லாம்பை வெச்சுப் பாக்கோணும், லாம்பு எரிஞ்சா அது மேல பழியில்லை, அதை விட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போயிறோணும், போனதைத் திரும்ப நோண்டப்படாது. இப்படித்தான் நான் கத்துக்கிட்டது, இதைத்தான் நான் அன்னிக்கு மறந்து தொலைச்சது.

ஆயுத பூசைன்னா எங்க ஊர்ல வண்டிக்குத்தான் நோம்பி. சென்னியப்பண்ணன் பிக்கப் வண்டிக்கு வயசு இருபத்தி நாலு ஆச்சுங்க, தேங்கா லோடு அடிச்சு அடிச்சு பின்னாடி ஸ்பிரிங் பட்டை தேஞ்சு போயிருக்கும், ஆனா அவரு அதை வெச்சுக்கற பவுசைப் பாக்கோணுமே! சம்சாரம் தவறி நாலு வருசமாச்சு, மனுசங்ககூட நாலு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு, வண்டிகிட்ட மட்டும் பேசிக்கிட்டே தொடைப்பாரு. நோம்பிக்கு ரெண்டு நாள் முந்தி வண்டியை மேட்டுல ஏத்தி நிறுத்தி, அடியில படுத்து, சேஸி முழுக்கத் துருவைச் சுரண்டி, கழட்ட முடிஞ்சதையெல்லாம் கழட்டி, கருப்பு பெயிண்டு ரெண்டு கோட்டு அடிச்சு, காஞ்சதும் கழட்டினதையெல்லாம் பழைய எடத்துலயே பூட்டியிருக்காரு. அப்புறம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, செவ்வந்தி மாலை, நாலு டயருக்கு அடியிலயும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். சூடம் காட்டி, பூசணிக்காய் ஒடைச்சு, சாமி கும்பிட்டு ஏறி உக்காந்து சாவியைத் திருப்பினா, "டக்".

அவ்வளவுதான், ஒரே ஒரு "டக்". தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமான்னு யாரோ கேட்டதுக்கு சென்னியப்பண்ணன் கும்பிட்டுக்கிட்டே, "வேண்டாங்க, பழத்து மேல வண்டி தானா ஏறோணும்"னாரு. அது எங்க ஊரு வழக்கம், பூசை போட்ட வண்டி சொந்தத் தெம்புல எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுப் போகோணும், ஆளு தள்ளி ஏத்தினா அந்தக் குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஐதீகம், அவருக்கு மிச்சமிருக்கற குடும்பமே அந்த வண்டிதான். அதனால வண்டி நின்ன எடத்துலயே, நாலு பழத்து மேலயும் ஏறாம நின்னுக்கிட்டிருந்துச்சு.

என்னைக் கூப்பிட்டாங்க, போனேன். ஹெட்லைட் போட்டேன், பளிச்சுன்னு எரிஞ்சுது. ஹாரன் அடிச்சேன், ஊரே கேட்டுச்சு. சாவியைத் திருப்பினதும் "டக்"குன்னுச்சு, லைட்டு குப்புன்னு மங்கிப் போச்சு. இதே அறிகுறியோட நூறு வண்டி பாத்திருப்பேன், எங்க கை வெக்கோணும்னு என்ற கைக்கே தெரியும். ஸ்பானர் பொட்டியைத் தொறக்கக் குனிஞ்சேன், அப்பத்தான் கலாமணி, ரெண்டு கையிலயும் மாவு அப்பிக் கெடக்க ஓடி வந்து, "ஏனுங்க்கா, என்ற கிரைண்டர் பாட்டுக்கு ஓடுதுங்க, பிளக்கு தரையில கெடக்குதுங்க, வந்து பாருங்க!"ன்னா. பாவி மக, அவளே வந்து சொன்னா. மனசுல கள்ளம் இருக்கறவ வந்து சொல்லுவாளான்னு அன்னிக்கு ஒருத்தருக்கும் தோணலை. நான் பொட்டியை அப்படியே போட்டுப்போட்டு சனத்தோட சனமா அவ வீட்டுக்கு ஓடினேன்.

கலாமணி மாவு அரைச்சு விக்கறவ. அவ வூட்டுக்காரரு நாச்சிமுத்து, விசைத்தறிக் குடோன்ல தறி ரிப்பேர் பாக்கறவரு, தறிச் சத்தத்துல காது மந்தமாகி, எதைச் சொன்னாலும் கத்திச் சொல்லுவாரு, மத்தவங்க சொல்றதுல பாதி அவரு காதுக்குப் போகாது, போகாத பாதியை அவரே மனசுல ரொப்பிக்குவாரு. அன்னிக்கு ஒரு கூட்டம் வண்டிகிட்ட, ஒரு கூட்டம் கிரைண்டர்கிட்ட, நடுவுல செல்போன். "திருப்புங்க"ன்னா கல்லு சுத்தும், "விடுங்க"ன்னா நிக்கும். இருபது தரம் பாத்தாங்க, இருபது தரமும் சுத்துச்சு. மறுநாள் கரண்டாபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்து மீட்டரையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னாரு, கல்லு சுத்துது, மீட்டரு சுத்தலை, இதை எதுல சேத்தறதுன்னு அவருக்குத் தெரியலை, ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு, தான் வந்ததையே யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் பாக்கோணுமே கூத்தை! அந்தக் கரண்டுல அரைச்ச மாவு மறுநாளும் புளிச்சுப் போகலை, இட்லி பூவாட்டம் இருக்குதுன்னு யாரோ சொல்லப் போக, காலையில ஏழு மணிக்கும் பொழுதோட நாலு மணிக்கும் சென்னியப்பண்ணன் சாவியைத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு உக்காரோணும்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. "சாவி போடறாங்கோ"ன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், மூணு வீதிப் பொம்பளைங்களும் ஊறப்போட்ட அரிசியைத் தூக்கிக்கிட்டு, வீட்டைத் தொறந்தது தொறந்தபடி போட்டுப்போட்டு கலாமணி வாசல்ல வந்து குமிஞ்சுருவாங்க, ஆம்பளைங்க வேடிக்கை பாக்க, வேடிக்கை பாக்கறவங்களை வேடிக்கை பாக்க வேற ஒரு கூட்டம். பேட்டரி ஒரு சொட்டு எறங்கலை. இருபது வருசமா வண்டிக் கரண்டைப் பாக்கற எலெக்ட்ரீசியன் நான், அதைப் பாத்து யோசிச்சிருக்க வேண்டாமா? நானும் ஒரு குண்டான் உளுந்தைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னேன்.

நாலாம் நாளு அந்தப் பேச்சு கெளம்புச்சு. மொதல்ல சொன்னது யாருன்னு கேட்டா ஆளுக்கொருத்தரைக் கை காட்டறாங்க. "ஊர்ல முந்நூறு கிரைண்டர் இருக்குது, அந்தாளு சாவிக்கு அவ வூட்டுது மட்டும் எதுக்குச் சுத்தோணும்?" நான் சொல்லலைங்க. ஆனா வரிசையில எனக்கு முன்னால நின்ன வசந்தாமணி அதைச் சொல்லிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தப்ப, நான் தலையை ஆட்டினேன்.

ஒரு தலையாட்டு போதாதா? மறுநாளைக்குள்ள ஊருக்கே பழைய ஞாபகமெல்லாம் வந்துருச்சு. போன ஐப்பசியில மழை பேஞ்சப்ப உளுந்து மூட்டையோட அவ நின்னதும், இவரு வண்டியில ஏத்திக்கிட்டு வந்ததும். அவ முன்னாடி உக்காந்தாளா, பின்னாடி மூட்டை மேல உக்காந்தாளா? பின்னாடின்னு பாத்தவங்க நேத்து வரைக்கும் சொன்னாங்க, இன்னிக்கு முன்னாடிங்கறாங்க. அவரு யாருகிட்டயும் பேசாததே அவகிட்டப் பேசறதுக்காகத்தான்னு ஒரு கண்டுபிடிப்பு. அவ அவரு பேரைச் சொன்னாலும் தப்பு, சொல்லலீன்னாலும் தப்பு. மாவு வாங்க வந்தவங்க மாவைப் பாக்கலை, அவ மூஞ்சியைப் பாத்தாங்க.

நாச்சிமுத்து காதுக்கு இது பாதிதான் போச்சு. மீதியை அவரு ரொப்பிக்கிட்டாரு. அஞ்சாம் நாளு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போயி தறிக் குடோன்ல வெச்சுப் பூட்டிட்டாரு. அன்னிக்குச் சாவி திருப்பினதுக்கு மிக்ஸி ஓடுச்சு. மிக்ஸியைத் தூக்கினாரு, மேசை ஃபேன் சுத்துச்சு. ஃபேனைத் தூக்கினாரு, தையல் மெஷின் சக்கரம் தடதடன்னு ஓடி வெறுந்துணியில தையல் போட்டுச்சு. அதையும் தூக்கினாரு, வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக் கெணத்து உருளை கயித்தோட கிறுகிறுன்னு சுத்தி, வாளி தானா மேல வந்து தண்ணி ரொம்பி நின்னுச்சு, உருளையையும் கழட்டிட்டாரு. சுத்தற சாமான் ஒண்ணுமில்லாத வீட்டுல, அடுப்பு மட்டும் எரியற சமையக்கட்டுல, கலாமணி தரையில உக்காந்து அம்மியில அரைக்க ஆரம்பிச்சா. ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாரேன், எத்தனை தூக்கினாலும் அவளை விடமாட்டேங்குது"ன்னுச்சு.

நானும் சும்மா இல்லைங்க. தெனமும் வண்டியில ஏதாச்சும் ஒண்ணை மாத்தறாப்பல மாத்திப்போட்டு, பேட்டரியை மாத்தினேன், செல்ஃப் மோட்டாரைக் கழட்டி கார்பன் மாத்தினேன், எல்லாம் அரை மனசோட, அப்புறம் ஒயரிங் பாக்கறேன்னு சொல்லிக் கலாமணி வீட்டுக்குப் போயிருவேன். சுவிட்சுப் பொட்டியைப் பாத்தேன், சரி. பீரோவுக்குப் பின்னால பாத்தேன். கட்டிலுக்கு அடியில பாத்தேன். கட்டிலுக்கு அடியில என்ன ஒயரு இருக்கும், நீங்களே சொல்லுங்க. அவ ஒவ்வொரு தரமும் காப்பி போட்டுக் குடுத்தா, நான் குடிச்சேன்.

எட்டாம் நாளு, வியாழக்கெழமை மத்தியானம், அவ என்ற கடைக்கு வந்தா. வந்தவ உக்காரலை.

"நாளைக்கு உச்சிப்பொழுதுல கருப்பண்ணன் கோயில்ல சூடம் ஏத்தறாங்களாம்க்கா. நான் அதை அணைச்சு சத்தியம் பண்ணோணுமாம். இல்லீன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிறோணும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிப்போட்டாரு."

"அணைச்சுப்போட்டு வந்துரு கண்ணு. ஒரு நிமிசம்தான?"

"மாட்டேங்க்கா. வண்டி ஓடலீன்னா அது வண்டிக் குத்தம். அதுக்கு நான் எதுக்கு சூடம் அணைக்கோணும்? ஒரு தரம் அணைச்சா, அப்புறம் ஊர்ல எந்த பல்பு ஃபீஸ் போனாலும் என்னைக் கூப்புடுவாங்க. பதினாறு வருசம் அந்தாளுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கறன், அது பத்தலியா சத்தியத்துக்கு?" அவ என்ற ஸ்பானர் பொட்டியை என்ற முன்னால நகத்தி வெச்சா. "நீங்க என்ன குத்தம்னு கண்டுபுடிச்சுக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு வெக்கமாப் போச்சுங்க. அவ போன பொறகு பொட்டியைத் தொறந்து டெஸ்ட் லாம்பைத் தொடைச்சு வெச்சேன், மல்டிமீட்டருக்குப் புது செல்லு போட்டேன்.

வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு வண்டிகிட்ட போனா, ஊரே கோயிலுக்குப் போற சட்டையில நின்னுட்டிருக்குது. சென்னியப்பண்ணன் எட்டத்துல வேப்பமரத்தடியில குனிஞ்சு உக்காந்திருந்தாரு, ஒம்போது நாள்ல பாதி ஆளா ஆயிட்டாரு. "இப்ப என்னத்துக்கு வந்தே, உன்ற சிநேகிதியக் காப்பாத்தறதுக்கா?"ன்னு நாச்சிமுத்து கத்தினாரு. நான் வரிசையா ஆரம்பிச்சேன். பேட்டரி, பழியில்லை. டெர்மினல், பழியில்லை. அடுத்தது எர்த் ஒயரு, பேட்டரியில இருந்து கெளம்பி சேஸியில போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கற தடிச்ச ஒயரு. கெளம்பின கரண்டு வேலையை முடிச்சுப்போட்டு பேட்டரிக்குத் திரும்பற வழி அதுதான். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சு, மறு முனையை சேஸியில வெச்சு, சென்னியப்பண்ணனைக் கூப்பிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். முள்ளு அரை வோல்ட்டுக்கும் கீழ நிக்கோணும். பதினொண்ணைத் தாண்டிப் போச்சு.

குனிஞ்சு பாத்தேன். போல்ட்டுக்கு அடியில மொழுமொழுன்னு கருப்பு பெயிண்டு, ரெண்டு கோட்டு. அட கெரகமே! நோம்பிக்காக அந்த மனுசன் ஒயரைக் கழட்டி, பக்தியா பெயிண்டு அடிச்சு, அது மேலயே ஒயரைப் பூட்டியிருக்காரு. இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை. கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாம, கெடைச்ச பக்கமெல்லாம் போயிக்கிட்டு இருந்திருக்குது.

சுரண்டறதுக்கு உப்புத்தாளைக் கையில எடுத்துப்போட்டு அப்படியே நின்னேன். செல்ஃப் மோட்டாரைச் சுத்த வெக்கறதுக்கு எத்தனை கரண்டு வேணும்னு எனக்குத் தெரியும். அது ஒத்தைக் கிரைண்டருக்குள்ள அடங்கறது இல்லை. அப்ப மிச்சம் எங்க போகுது?

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க"ன்னேன். "பிளக்கையெல்லாம் உருவிப்போட்டு, உங்க வூட்டு கிரைண்டரையும் மிக்ஸியையும் ஃபேனையும் பாத்துக்கிட்டு நில்லுங்க. நான் ஹாரன் அடிப்பேன்."

ஒருத்தரும் அசையலை. "எங்க வூட்டுல என்ன இருக்குது பாக்கறதுக்கு?"ன்னா வசந்தாமணி.

"ஒண்ணுமில்லீல்ல? அப்பப் போயிப் பாக்கறதுக்கு என்ன பயம்?"

பயமில்லைன்னு காட்டறதுக்காகவே எல்லாரும் போனாங்க. நாச்சிமுத்து வீட்டுலதான் சுத்தறதுக்கு ஒண்ணுமில்லையே, அவரு தறிக் குடோனுக்குப் போனாரு. கலாமணி மட்டும் எங்கயும் போகாம என்ற பக்கத்துல நின்னா. நான் ஹாரனை அடிச்சேன், சென்னியப்பண்ணன் சாவியைத் திருப்பி, கையை எடுக்காம, நூறு எண்ணற வரைக்கும் புடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் மூணு வீதியில இருந்தும் கூப்பாடு. வசந்தாமணி வீட்டு மிக்ஸி மூடியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு ஓடுச்சாம். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுல ஊருக்கே தெரியாம பூட்டி வெச்சிருந்த ரூம்ல ஒரு தோசை மாவுக் கிரைண்டர் ஓடுச்சாம், அது எதுக்கு அங்க இருந்துச்சுன்னு அவரு சம்சாரம் இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்குது. பக்கத்து வீதி ஆறுமுகத்தோட, படுத்த படுக்கையா இருந்த அப்பாரு, "நான் மொத நாள்ல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறன், ஃபேன் தானாச் சுத்துதுன்னு, எந்த நாயி கேட்டீங்க? எல்லாரும் அந்தப் புள்ளை வூட்டு வாசல்ல நின்னீங்க"ன்னு கட்டில்ல இருந்தே திட்டினாரு. தறிக் குடோன்ல, பெல்ட்டைக் கழட்டிப் போட்டிருந்த தறி ஒண்ணு நாச்சிமுத்து கண்ணு முன்னால தடக்கு தடக்குன்னு ஓடி, நாலு விரல் அகலத்துக்குத் துணி நெய்ஞ்சுபோட்டு நின்னுச்சு. என்ற கடையில என்ன சுத்துச்சுன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன்.

திரும்பி வந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கலை. சூடத்தை யாரு யாருக்கு ஏத்தறது? கோயிலுக்கு வாங்கின சூடப் பொட்டலம் யாரு கையில இருந்துச்சுன்னே அப்புறம் தெரியலை. நான் மண்டி போட்டு, போல்ட்டைக் கழட்டி, வெள்ளி மாதிரி இரும்பு தெரியற வரைக்கும் பெயிண்டைச் சுரண்டி, ஒயரை வெச்சு முடுக்கினேன். சென்னியப்பண்ணன் சாவியைத் திருப்பினாரு. வண்டி ஒரே உறுமல்ல எழுந்து, வதங்கிப்போன நாலு பழத்தையும் நசுக்கிக்கிட்டு முன்னால வந்துச்சு. ஒருத்தரும் கை தட்டலை. அவரு கலாமணி இருந்த பக்கம் திரும்பாம, எங்க யாரையும் பாக்காம, வண்டியை நேரா மெயின் ரோட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

நாச்சிமுத்து கிரைண்டரைத் தோள்ல சுமந்துக்கிட்டு, வேர்த்து ஒழுக வந்து நின்னாரு. வாழ்க்கையில மொதல் தடவையா மெதுவாப் பேசினாரு. "வா, வூட்டுக்குப் போலாம்."

"நீங்க அதைக் கொண்டுபோயி எறக்கி வெய்யுங்க"ன்னா கலாமணி. "மிக்ஸி, ஃபேனு, தையல் மெஷினு, எல்லாத்தையும் கொண்டாந்து அதது எடத்துல வெய்யுங்க. நான் வரோணுமான்னு அப்புறம் சொல்றேன்."

அவரு போனாரு. சனமும் ஒவ்வொண்ணாக் கலைஞ்சுது. நான் உப்புத்தாளை மடிச்சு வெச்சுக்கிட்டு, சொல்லப்போனா கொஞ்சம் பெருமையாத்தான் நின்னுக்கிட்டிருந்தேன், ஒரு பொம்பளை மானத்தைக் காப்பாத்திப்போட்டோம்ல, கலாமணி நன்றி சொல்லத்தான் நிக்கறான்னு நெனைச்சேன்.

"ஏனுங்க்கா"ன்னா. "இந்த வேலைக்கு எத்தனை நேரமாச்சு?"

"இதா? இது பத்து நிமிச வேலை கண்ணு. மொத நாளே லைட்டு மங்கினப்பவே எனக்கு..."

"பத்து நிமிசம்"ன்னு அவ திருப்பிச் சொன்னா. கோவமே இல்லை குரல்ல, அதுதான் தாங்கலை. "அப்ப ஒம்போது நாளா என்ற வூட்டுல என்னத்தைத் தேடினீங்க?"

அவ பதிலுக்காக நின்னா, அவசரமே இல்லாம நின்னா. நான் பொட்டியை மூடி, கொக்கியைப் போட்டு, மறுபடியும் தொறந்து மறுபடியும் மூடினேன்.